முன்பணமும் போச்சு, புல்லும் போச்சு: அடுத்த தோட்டக்காரரை எப்படி நம்புவது?

திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து 58 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் பழைய வீட்டைச் சீர்செய்தபோது முன்பக்கம் இரண்டு அறைகளை இடித்ததில் 400 சதுர அடி இடம் கிடைத்தது. நான்கு வயதுப் பேரன் விளையாட ஒரு தோட்டம் போடலாம் என்று ஆசைப்பட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் செல்போனில் காட்டிய படங்களைப் பார்த்து ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தார்கள். மொத்தம் 85,000 ரூபாய் என்று பேச்சு. பொங்கல் முடிந்ததும் வேலை தொடங்கியது. குட்டி யானையில் இரண்டு லோடு செம்மண் வந்தது. அதன்மேல் கார்பெட் புல், சுவரோரம் அரிக்கா பாம் எனும் அழகுப் பனை எட்டு, மூலையில் ஒரு சின்ன நீரூற்று. ஜிபே மூலம் 60,000 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. பில் இல்லை, ஒப்பந்தத் தாளும் இல்லை.

சித்திரை முடிவதற்குள் புல்லில் பாதி மஞ்சளாகிவிட்டது. அரிக்காவின் இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. நீரூற்றில் பாசியும் கொசுவும். கேட்டால் "நீங்க சரியா தண்ணி விடல" என்கிறார் காண்ட்ராக்டர். மீதி 25,000 ரூபாயும் கேட்கிறார். இதற்கிடையில் வேலை செய்த வயதான கணவனும் மனைவியும் வீட்டுக்கு வந்து, "அவரு எங்களுக்கு இன்னும் ஆறாயிரம் கூலி பாக்கி வச்சிருக்காரும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். போகும்போது அந்த அம்மா, "இங்க புல்லு வராதுன்னு நாங்க அப்பவே சொன்னோம், அவரு கேக்கல" என்றாராம்.

வாசகியின் கேள்விகள் இவை. மீதிப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா? மகன் போலீசில் புகார் கொடுக்கலாம் என்கிறார், சரியா? ஒரு பெரிய நிறுவனம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் புதிதாகச் செய்து தருவதாகச் சொல்கிறது, ஜி.எஸ்.டி. பில்லும் உண்டு, அவர்களிடம் போவதுதான் பாதுகாப்பா? நம்பகமான தோட்டக்காரரை எங்கே தேடுவது? அல்லது மகன் சொல்வதுபோல் மொத்தத்துக்கும் டைல்ஸ் போட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டையில். தோட்டம் அமைக்கும் தொழிலில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். நீங்கள் எழுதியதுபோன்ற தோட்டங்களை வடசென்னையில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் வருத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனால் "நான் ஏமாந்துவிட்டேன்" என்று ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நடந்ததில் ஏமாற்று எவ்வளவு, அறியாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அது தெரியாமல் அடுத்த ஆளைப் பிடித்தால் இதே கதை இன்னொரு முறை, இன்னும் அதிகச் செலவில் நடக்கும்.

புல் ஏன் செத்தது?

நீங்கள் எழுதிய விவரங்களிலேயே விடை இருக்கிறது. முதலில் மண். அறைகளை இடித்த இடம் என்கிறீர்கள். அப்படியானால் கீழே இருப்பது செங்கல் துண்டு, சிமென்ட் காரை, சுண்ணாம்பு, அதாவது ரப்பிஷ். அதை வாரி வெளியே போட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. மேலே கொட்டியது குட்டி யானையில் இரண்டு லோடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வண்டி முறையாக ஏற்றக்கூடியது முக்கால் டன் அளவு. ஒரு கன அடி மண் ஏறக்குறைய 35 கிலோ. கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றியிருந்தாலும் ஒரு லோடுக்கு 25 கன அடி, இரண்டு லோடுக்கு 50. அதை 400 சதுர அடியில் பரப்பினால் ஒன்றரை அங்குலம்தான் வரும். புல் வேர் பிடிக்க ஆறு அங்குலமாவது நல்ல மண் வேண்டும். அதற்கு 200 கன அடி, நம் ஊர்க் கணக்கில் இரண்டு யூனிட். உங்களுக்கு வந்தது அதில் கால்வாசி. இந்தக் கணக்கு தெரிந்த காண்ட்ராக்டர் இப்படிச் செய்தார் என்றால் தவறு அவருடையது. தெரியாமல் செய்தார் என்றாலும் தவறு அவருடையதுதான், ஏனென்றால் அதைத் தெரிந்து வைத்திருப்பதற்காகத்தான் அவருக்குப் பணம் கொடுத்தீர்கள்.

இரண்டாவது வெயில். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பிவிட்டதால் பதினோரு மணிக்கு மேல் பாதி இடத்தில் நிழல் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளான பாதி அந்த நிழல் பாதியாகத்தான் இருக்கும், போய்ப் பாருங்கள். கார்பெட் புல்லுக்குத் தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். எந்த உரம் போட்டாலும் வெயிலுக்கு ஈடாகாது.

மூன்றாவது தண்ணீர். இங்கே உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மனம் வருந்தாதீர்கள். "ஆர்.ஓ. மெஷினிலிருந்து வரும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் அரிக்காவுக்கு ஊற்றினோம்" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். சிக்கனம் நல்ல பழக்கம்தான். ஆனால் ஆர்.ஓ. மெஷின் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் போய்ச் சேருகிறது. உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,900 என்று பக்கத்து வீட்டு மீட்டரில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பாசனத்துக்கு லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கவலை இல்லை. 2,000ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்குக் கடும் சிரமம். உங்கள் போர் தண்ணீரே அந்த எல்லையில் நிற்கிறது, ஆர்.ஓ. கழிவு அதையும் தாண்டியது. அரிக்காவின் இலை நுனி கருகுவது பெரும்பாலும் உப்பின் அடையாளம். அதனால் "சரியா தண்ணி விடல" என்று காண்ட்ராக்டர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் எந்தத் தண்ணீர் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் தெருவில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பது அதிசயமில்லை. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பகுதிகளில் பல வருடங்களாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய தெருக்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படித் தண்ணீர் நின்ற இடங்களில் மேல்மண்ணை மாற்றாமல் செடி வைக்கச் சொல்லும் தோட்டக்காரரை நான் நம்ப மாட்டேன். உங்கள் தெருவில் அது வரவில்லை என்று எழுதியிருப்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

மீதிப் பணம், கூலி, புகார்

சட்ட விஷயங்களை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

"பில் இல்லை, ஒப்பந்தம் இல்லை, அதனால் என்னிடம் ஒன்றுமே இல்லை" என்கிறீர்கள். அப்படியில்லை. வாய்ப்பேச்சில் செய்துகொண்ட ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், அதை நிரூபிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். உங்களிடம் ஜிபே கணக்கு இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படங்களும் விலையும் இருக்கின்றன, "மீதி 25 எப்ப தருவீங்க" என்ற அவர் குரல் பதிவும் இருக்கிறது. எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். இன்றைக்கே தேதி தெரியும்படி தோட்டத்தைப் படம் எடுத்துவையுங்கள். ஓர் இடத்தில் மண்ணைத் தோண்டி, ஸ்கேல் வைத்து, ரப்பிஷுக்கு மேல் எத்தனை அங்குலம் மண் இருக்கிறது என்பதையும் படமெடுங்கள். உங்களிடம் இருக்கப்போகும் மிக வலுவான சாட்சி அந்தப் படம்தான்.

போலீஸ் புகார் பற்றி. வேலை சரியில்லை என்பது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உங்கள் காண்ட்ராக்டர் மண் கொண்டுவந்தார், ஆள் வைத்து வேலை செய்தார், செடி நட்டார், இன்னும் போன் எடுக்கிறார். இதைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சிவில் பிரச்சினை என்று சொல்லித் திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். மகனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழியில் உங்கள் பணம் திரும்பி வராது.

உங்களுக்குப் பொருத்தமானது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். காசு கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு என்றால், குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசிப் பாருங்கள்.

ஆனால் அங்கே போவதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதுங்கள். மண் இவ்வளவு குறைவு, நிழலில் புல் வைத்தது தவறு, இதை 15 நாளுக்குள் சரிசெய்து தாருங்கள் அல்லது மீதித் தொகையை இந்தக் குறைக்கு ஈடாகக் கழித்துக்கொள்ளச் சம்மதியுங்கள் என்று தெளிவாக எழுதி, வாட்ஸ்அப்பிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன் என்று எழுத வேண்டாம். நீரூற்றும் அதன் ஒயரிங்கும் ஒழுங்காக இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். எது சரியாக நடந்ததோ அதை ஒப்புக்கொண்டு எழுதும் கடிதத்துக்குத்தான் எந்த இடத்திலும் மதிப்பு இருக்கும். இப்படிப்பட்ட தகராறுகள் பாதிக்கு மேல் இந்தக் கடிதத்தோடு பேசி முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் தம்பதியின் ஆறாயிரம். கடிதத்தில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. சட்டப்படி அந்தக் கூலி காண்ட்ராக்டர் கொடுக்க வேண்டியது, உண்மைதான். ஆனால் வெயிலில் ரப்பிஷ் மேல் மண் சுமந்தவர்களுக்கு உங்கள் சண்டையில் பங்கு இல்லை. நீங்கள் நிறுத்திவைத்த பணத்தைக் காட்டித்தான் அவர் அவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பார். அதனால் காண்ட்ராக்டருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "மீதித் தொகையிலிருந்து கூலி 6,000 ரூபாயை அவர்களுக்கு நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன், உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள், சரியா?" அவர் சரி என்று எழுதியதும் கொடுத்துவிடுங்கள். அந்தச் சம்மதம் எழுத்தில் முக்கியம், இல்லாவிட்டால் நாளைக்கு அதே தொகையை அவர் மறுபடியும் கேட்கலாம். கொடுத்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனமா, உள்ளூர் ஆளா?

ஜி.எஸ்.டி. பில் கொடுக்காதவர் என்றாலே போலி என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையே இல்லை. நல்ல தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்கு வெகு கீழே இருப்பவர்கள். அவர்களிடம் ஜி.எஸ்.டி. பில் கேட்காதீர்கள். பெயர், முகவரி, தேதி, தொகை எழுதிக் கையெழுத்திட்ட ரசீது கேளுங்கள், அது போதும்.

பெரிய நிறுவனத்தில் நல்லதும் உண்டு. வரைபடம் தருவார்கள், பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கும், புகார் கொடுக்க முகவரி இருக்கும். ஆனால் பல இடங்களில் வேலையைச் செய்ய வருவது அவர்கள் துணை ஒப்பந்தத்துக்கு எடுத்த அதே உள்ளூர் ஆட்கள்தான். உங்களுக்கு வந்த மதிப்பீட்டின் படத்தைப் பார்த்தேன். மொத்த இடத்துக்கும் மறுபடியும் புல், மறுபடியும் அரிக்கா! தண்ணீர்ப் பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. வருடப் பராமரிப்பு என்று ஒரு தொகை இருக்கிறது, எத்தனை முறை வருவார்கள், செத்த செடியை யார் செலவில் மாற்றுவது என்பது இல்லை. இந்த மதிப்பீட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பல வருடங்களுக்கு முன் ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நான் அப்போதுதான் படிப்பை முடித்துத் தொழிலுக்கு வந்திருந்தேன். என்னோடு வந்த வயதான தோட்டக்காரர் இடத்தைக்கூடப் பார்க்காமல் நேராகக் குழாயடிக்குப் போனார். ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். "இந்தத் தண்ணிக்கு நீ போட்டு வச்சிருக்கிற லிஸ்ட்டுல பாதி செடி வேணாம்மா" என்றார். வரைபடமெல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்த எனக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் நட்டவை இன்றும் அந்த வீட்டில் இருக்கின்றன. விலை சொல்வதற்கு முன் தண்ணீரையும் வெயிலையும் பற்றிக் கேட்கிறாரா என்பதைத்தான் அன்றிலிருந்து நான் யாரிடமும் முதலில் கவனிக்கிறேன்.

எங்கே தேடுவது?

போனில் படம் பார்த்துத் தேடாதீர்கள். நட்டு இரண்டு வாரமான தோட்டம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், நர்சரியில் வளர்ந்த தெம்பு அது. ஓர் அக்னி நட்சத்திரத்தையும் ஓர் ஐப்பசி மழையையும் தாண்டிய தோட்டத்தைத்தான் நம்ப வேண்டும். அதுவும் உங்கள் தண்ணீரை ஒத்த தண்ணீரில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். அண்ணா நகரில் மெட்ரோ தண்ணீரில் செழித்த தோட்டம் காலடிப்பேட்டைக்குச் சாட்சி ஆகாது.

அதனால் காலையில் நடக்கப் போகும்போது உங்கள் தெருக்களிலேயே பாருங்கள். காலடிப்பேட்டை, தேரடி, பட்டினத்தார் கோவில் பக்கம், கொஞ்சம் தள்ளி டோல்கேட் வரை. எந்த வீட்டு வாசலில் காகிதப்பூ பூத்துக் குலுங்குகிறதோ அங்கே கதவைத் தட்டி, "யாருங்க பார்த்துக்கறாங்க?" என்று கேளுங்கள். நல்ல தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசச் சலிக்கவே மாட்டார்கள். பள்ளி, சர்ச், கோவில் நந்தவனம், மாநகராட்சிப் பூங்கா ஆகிய இடங்களில் வேலை செய்பவர்களிடமும் விசாரிக்கலாம். ராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்கா, பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா என்று ஒரு நாள் காலையில் போய், செடிக்குத் தண்ணீர் விடுபவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவரால் வர முடியாவிட்டாலும் யாரைக் கூப்பிடலாம் என்று சொல்லக்கூடியவர் அவர். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது, போய்ச் சுற்றிப் பார்ப்பதே ஒரு பாடம். செங்குன்றம் போகும் சாலையோர நர்சரிகளில் செடி மலிவாகக் கிடைக்கும். ஆனால் நர்சரிக்காரர் கைகாட்டும் ஆள் அந்த நர்சரியின் செடியைத்தான் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று பேர் கிடைத்ததும் உடனே மொத்த வேலையையும் பேசிவிடாதீர்கள். முதலில் ஒரு நாள் வேலை கொடுங்கள். பத்துத் தொட்டிக்கு மண் மாற்றட்டும், ஒரு கிளையை வெட்டட்டும். கத்தியைத் துடைத்துவிட்டு வெட்டுகிறாரா, வேரைப் பதமாக எடுக்கிறாரா, போகும்போது இடத்தைப் பெருக்கிவிட்டுப் போகிறாரா, அடுத்த வாரம் போன் செய்து "அந்தச் செடி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். ஒரு நாள் கூலியில் இவ்வளவும் தெரிந்துவிடும்.

"எந்தச் செடியும் சாகாது, நான் கேரண்டி" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உயிருள்ள பொருளுக்கு யாரும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. "மூணு மாசத்துக்குள்ள போச்சுன்னா மாத்தித் தரேன், ஆனா நான் சொல்ற மாதிரி தண்ணி விடணும்" என்பவர் நியாயமாகப் பேசுகிறார்.

பேசி முடிக்கும்போது

ஒரு வெள்ளைத் தாள் போதும். நீங்களும் அவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இவை கட்டாயம் இருக்கட்டும்:

- மண் எத்தனை கன அடி, எத்தனை அங்குல ஆழம், ரப்பிஷை யார் எடுத்துப் போடுவது. "இரண்டு லோடு" என்று எழுத விடாதீர்கள்.
- செடியின் பெயர், எண்ணிக்கை, பை அளவு, உயரம். படத்தில் ஆறடி காட்டிவிட்டு இரண்டடிச் செடி வருவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது.
- பணம் கட்டம் கட்டமாக. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மண் வேலையை அளந்து பார்த்தபின் ஒரு பகுதி, நட்டபின் ஒரு பகுதி, பத்துச் சதவீதமாவது மூன்று மாதம் கழித்து. கூலியை மட்டும் வாராவாரம் கொடுத்துவிட வேண்டும், அதை எந்தக் காரணத்துக்கும் பிடித்துவைக்கக் கூடாது.
- பராமரிப்புக்கு மாதத்தில் எத்தனை முறை வருவார், அன்றைக்கு என்னென்ன செய்வார். ஒரு வருடப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

தாளில் எழுத முடியாத சிலவும் உண்டு. வேலைக்கு வருபவர்களுக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் கொடுங்கள், களையெடுக்கப் பெண்கள் வருவார்கள். பூச்சிமருந்து அடிப்பதாகச் சொன்னால் டப்பாவை வாங்கிப் பாருங்கள். அதன்மேல் ஒரு சாய்சதுரக் குறி இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அதற்கும் குறைவு நீலம், கடைசி பச்சை. பேரன் விளையாடும் இடத்தில் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். நீரூற்றை ஓட விடுங்கள், இல்லையென்றால் வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். இன்னொன்று, உங்கள் மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 2003இலிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம். புல் போடும்போது அதை மூடிவிட்டார்களா என்று பாருங்கள். உங்கள் போர் தண்ணீரின் உப்பு கொஞ்சமாவது குறைய இருக்கிற வழி அந்தக் குழிதான்.

டைல்ஸ் போடலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். மகனுக்கு அது ஒரே நாளில் முடிகிற தீர்வாகத் தெரியும். ஆனால் அந்த 400 சதுர அடியில் விழும் மழை முழுவதும் தெருவுக்கு ஓடும், கோடையில் டைல்ஸ் வாங்கிய சூடு ராத்திரி வரை வீட்டுக்குள் அடிக்கும். பேரன் வெறுங்காலோடு அதில் நிற்கக்கூட முடியாது. உங்கள் இடத்துக்கு நான் சொல்வது இதுதான்: வெயில் விழும் பக்கம் மட்டும் 150 சதுர அடிக்கு ஆழமாக மண் போட்டு அருகம்புல் வகை. அது உப்பையும் ஓரளவு தாங்கும், குழந்தை ஓடினாலும் தாங்கும். நிழல் பக்கம் சரளைக்கல்லும் இடைவெளி விட்ட பேவர் கற்களும், அவற்றின் மேல் தொட்டிகளும். தொட்டிச் செடிகளுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரோ சேமித்த மழைநீரோ. சுவரில் காகிதப்பூ ஏறட்டும். ஒரு மரம் வேண்டும் என்றால் ஒட்டுச் சப்போட்டா. கடற்கரை மண்ணுக்குப் புன்னையும் பூவரசும் காலங்காலமாக உறவு, நெய்தல் நிலத்து மரங்கள் அவை, ஆனால் உங்கள் சுவரோரத்துக்கு அவை பெரியவை. அரளியும் உப்பைத் தாங்கும். அதன் எல்லாப் பாகமும் விஷம் என்பதால் பேரன் வளரும் வரை வேண்டாம். இருக்கும் அரிக்காவில் நான்கையாவது காப்பாற்றலாம், பெரிய தொட்டிக்கு மாற்றி நல்ல தண்ணீர் விடுங்கள்.

எதையும் இப்போதே நட வேண்டாம். ஆடியிலும் ஆவணியிலும் ரப்பிஷை எடுத்து மண் வேலையை முடியுங்கள். புரட்டாசியில் நட்டால் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை வந்து மண்ணின் உப்பைக் கழுவி இறக்கிவிடும். நம் ஊரில் செடி வேர் பிடிக்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். தோட்டத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் இரண்டு குழி தோண்டச் சொல்லுங்கள், வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று. தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடியும் நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கீழே சிமென்ட் தரை உடைபடாமல் இருக்கலாம், இருந்தால் முதலில் அதை உடைத்தாக வேண்டும். குழி தோண்ட வேறு ஆள் தேடாதீர்கள். அந்தத் தம்பதியின் எண் மகனிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே புல் வராது என்று முதல் நாளே சொன்னவர்கள் அவர்கள்தான். கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். அன்றைய கூலியை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.